இரண்டு மீட்டர்

சிகாம்புட்டில் லியோங் தவுக்கேயின் கடைச் சுவரில்
கூரைத் தாங்கிகள் தொங்குகின்றன
சதை கழித்த விலாக்கூடுகள் மாதிரி.

கறுப்பு இரும்புக் கூடை ஒன்று.
நாற்புறமும் கம்பி, முன்னால் விளக்குப் பூட்ட இடம்,
ஆயிரத்து எழுநூறு வெள்ளி.
அதன் அடியில் நின்றுவிட்டார் சற்குணன்.
பெண் பார்க்க வந்த அன்றுகூட
என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

எடை எவ்வளவு என்றேன்.
கேட்காமல் இருக்க வராது எனக்கு.
செத்தாப்பாக் தபால் நிலையம், மூன்றாவது முகப்பு;
பதினொரு வருடமாக
அடுத்தவர் பொட்டலங்களின் கனம்தான் என் சோறு.

முப்பத்தொரு கிலோ, ஸ்ட்ராங் என்று
கூடையைக் குத்திக் காட்டினார் தவுக்கே.
அது அதிரவில்லை. அவர் விரலை ஊதிக்கொண்டார்.

கையேட்டை விரித்தேன்.
வண்டியை விற்றவரின் கோப்பிக் கறைக்கு நடுவே
ஓடும்போது கூரை தாங்குவது
எழுபத்தைந்து கிலோ.
முப்பத்தொன்று என்பது எங்கள் லோஷினி,
பள்ளிப்பையோடு சேர்த்து.
ஒரு சாமானும் ஏற்றுமுன்பே
ஒரு பிள்ளையைக் கூரையில் உட்காரவைத்து
உலு லங்காட் வளைவுகளில் போவதா?

லோஷினிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

அப்புறம் அலுமினியத் தட்டு வந்தது. விலையைக் கேட்டதும் போனது.
அப்புறம் உருண்டைக் கம்பிகள்.
நெடுஞ்சாலையில் இது ஊளையிடும் என்று
உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார் தவுக்கே,
தன் சரக்குக்கு எதிராகத் தானே.
அந்த ஒரு விசிலில்தான்
அவரை நம்ப ஆரம்பித்தேன்.

கடைசியில் மீன் வயிறு போல் தட்டையாய்
குறுக்கே இரண்டு சட்டங்கள்.
இரண்டும் சேர்ந்து ஆறு கிலோ,
கூரையோரத்துத் தண்ணீர்ப் பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும் கால்கள்.
வீரமாக ஒன்றுமில்லை பார்வைக்கு.
துணி காயப்போடலாம் என்றார் சற்குணன்,
பணத்தை எண்ணியபடி, கூடையைப் பார்த்தபடி.

தெய்வீகன் கைப்பேசியில் பட்டியல் போட்டான்.
கூடாரம் மேலே. பாய்கள் மேலே.
மடக்கு நாற்காலி நான்கும் மேலே.
தண்ணீர்க் கேன் கீழேதான், அதில் பேச்சில்லை;
கனம் தலைக்கு ஏறினால்
வளைவில் வண்டிக்குப் புத்தி பேதலிக்கும்.
மனுஷனுக்கும், என்று சேர்த்துக்கொண்டான்.
யாரைச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாம் எடை போட்டோம்.
உயரத்தை மறந்தோம்.

எங்கள் அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில்
சங்கிலியில் தொங்காத, காரையில் பதித்த மஞ்சள் குழாய்.
பக்கத்தில் பலகை: இரண்டு மீட்டர்.
சட்டத்தோடு எங்கள் வண்டி ஒன்று தொண்ணூற்றேழு.
போன தீபாவளிக்கு முன்னால் தார் ஊற்றித்
தரையை உயர்த்தினார்கள்.
பலகைக்கு யாரும் சொல்லவில்லை.

டங்.

பின்னால் நான்கு கார்கள் ஹார்ன் அடித்தன.
சற்குணன் கீழே இறங்கி
விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.
டயரில் காற்றை இறக்கலாம் என்றான் தெய்வீகன்.
அதற்குள் காவலர் தில் பகதூர் வந்தார்.
சட்டத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்,
வழிவிட இறங்கி நின்ற என்னையும் பிள்ளைகளையும் பார்த்தார்.
எல்லாரும் ஏறு, என்றார் மலாயில்.

ஏறினோம்.
வண்டி ஒரு பெருமூச்சு அளவு தாழ்ந்தது.
போதவில்லை.
அவரும் ஏறினார்,
லோஷினியைத் தள்ளி உட்காரச் சொல்லி.
முகப்பில் பொட்டலம் தட்டில் வைத்ததும் இறங்கும் முள்ளை
இருக்கைக்கு அடியில் உணர்ந்தேன்.

நத்தையாக நகர்ந்தது வண்டி.
யாரும் சொல்லாமலே
ஐந்து பேரும் தலையைக் குனிந்தோம்,
ஏதோ அதனால் கூரை இறங்கும் என்பது போல.
தில் பகதூர் தொப்பியைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டார்.

தாண்டியதும் சற்குணன்
கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டார்:
வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு
உங்களுக்கு டியூட்டி இருக்கிறதா?